ஸ்டாக்ஹோம் என்று பிறந்து அஸ்டோரியா என்று உடைபட்ட கப்பல்

கேள்வி இது: 2025ஆம் ஆண்டில் பெல்ஜியத்துக்கு உடைப்பதற்காக இழுத்துச் செல்லப்பட்ட அஸ்டோரியா என்ற உல்லாசக் கப்பலும், 1956ஆம் ஆண்டில் ஆந்திரியா டோரியா என்ற இத்தாலியக் கப்பலோடு மோதி அது மூழ்கக் காரணமான ஸ்டாக்ஹோமும் ஒரே கப்பல்தானா? ஆம் என்றால், அவ்வளவு பழைய கப்பல் இத்தனை கைமாறியும் எப்படி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது?

முதல் பாதிக்கு விடை ஒரே சொல்தான்: ஆம். இரண்டாம் பாதிக்குப் பலரும் சொல்லும் விடை, அந்தக் காலத்து எஃகு உறுதியானது, ஸ்வீடன்காரர்களின் கைவேலை நேர்த்தியானது என்பதாகும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் கப்பலோடு ஒத்த வயதுடைய, அவளைவிட நேர்த்தியாகக் கட்டப்பட்ட எத்தனையோ கப்பல்கள் அவளுக்கு முன்பே உடைபட்டுப் போயின. அவளைக் காத்தது, 1989ஆம் ஆண்டுக்கும் 1994ஆம் ஆண்டுக்கும் இடையில் இத்தாலியில் நடந்த ஒரு மறுகட்டுமானம். அதை விளக்கவே இந்த விடையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறேன்; ஆனால் முன்கதை இல்லாமல் அது புரியாது.

கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும், உரிமையாளர் மாறுவார். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க எண் மட்டும் அது உடைபடும் வரை மாறாது. அஸ்டோரியாவின் எண் 5383304. இதன் முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 35, 18, 40, 12, 9, 0 என மொத்தம் 114 வரும். அதன் கடைசி இலக்கமான 4 தான் எண்ணின் ஏழாவது இலக்கம். எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் கண்டுபிடிப்பதற்கான ஏற்பாடு இது. இந்த எண்ணில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் லாயிட்ஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் பதிவேட்டில் இருந்த கப்பல்களுக்கு 5 என்று தொடங்கும் எண்களைப் பெயரின் அகரவரிசைப்படி வழங்கினார்கள். இவளுக்கு அந்த வரிசையின் இறுதிப் பகுதியில் எண் கிடைத்ததற்குக் காரணம், அப்போது அவளுடைய பெயர் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கியதுதான். கடைசி வரை அவள் சுமந்த அந்த எண், அவளுடைய இரண்டாவது பெயரின் தடயம்.

முதல் பெயர் ஸ்டாக்ஹோம். ஸ்வீடிஷ் அமெரிக்கன் லைன் நிறுவனத்துக்காகக் கோத்தன்பர்க் நகரின் யோத்தாவெர்க்கன் தளத்தில் கட்டப்பட்டு, 1946 செப்டம்பர் 9 அன்று நீரில் இறக்கப்பட்டாள். 1948 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்குக்கு முதல் பயணம் கிளம்பினாள். நீளம் 160 மீட்டர், பதிவு அளவு ஏறத்தாழ 12,165 டன். அதுவரை ஸ்வீடனில் கட்டப்பட்ட பயணிகள் கப்பல்களில் இதுவே பெரியது என்றாலும், வட அட்லாண்டிக்கில் ஓடிய பயணிகள் கப்பல்களோடு ஒப்பிட்டால் சிறியவளாகவே இருந்தாள். முதல் வகுப்பில் 113 பேரும் சுற்றுலா வகுப்பில் 282 பேருமாக மொத்தம் 395 பயணிகள்தாம். பின்னர் 1953ஆம் ஆண்டில் இடம் கூட்டப்பட்டது. பெருங்கடலில் அதிகம் உருளுகிறாள் என்ற குறையும் இருந்தது. வடக்கு நீர்ப்பரப்புகளில் ஓட வேண்டியிருந்ததால், அவளுடைய முன்முனை, நம் மீனவர் சொல்லில் அணியம், பனிக்கட்டியைத் தாங்கும்படி வலுவூட்டப்பட்டிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1956 ஜூலை 25 அன்று முற்பகல் நியூயார்க்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பினாள். அன்றிரவு பதினொரு மணி கடந்த வேளையில், நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே, மேற்கு நோக்கி நியூயார்க் வந்துகொண்டிருந்த ஆந்திரியா டோரியாவின் வலப்புறத்தில் அவளுடைய அணியம் புகுந்தது. இரண்டு கப்பல்களிலும் ரேடார் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று ரேடாரில் முன்கூட்டியே கண்டிருந்தன. இத்தாலியக் கப்பல் பனிமூட்டத்துக்குள் வேகத்தைப் பெரிதும் குறைக்காமல் வந்தது. ஸ்வீடன் கப்பல், கிழக்கு நோக்கிச் செல்வோருக்குப் பரிந்துரைக்கப்பட்ட தடத்துக்கு வடக்கே சென்றது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நெருங்கியபோது ஒன்று இடப்புறமும் மற்றது வலப்புறமும் திரும்ப, இரண்டும் ஒரே இடத்தை நோக்கியே திரும்பின. யார் பிழை என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை; விசாரணை நடுவிலேயே இரு நிறுவனங்களும் வெளியில் சமரசம் செய்துகொண்டன. ஆந்திரியா டோரியாவின் தலைவர் பியேரோ கலமாய் அதன் பிறகு எந்தக் கப்பலையும் செலுத்தவில்லை.

விபத்தில் 51 பேர் இறந்தனர். அவர்களில் ஐவர் ஸ்டாக்ஹோமின் பணியாளர்கள். இத்தாலியக் கப்பலில் தன் அறையில் படுத்திருந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, அறையோடு பிய்த்தெடுக்கப்பட்டு ஸ்டாக்ஹோமின் நசுங்கிய அணியத்தின் மீது உயிரோடு கிடந்தாள். ஸ்பெயினில் வளர்ந்தவள் என்பதால் ஸ்பானிய மொழியில் தாயைத் தேடிக் குரல் கொடுத்தாள். அந்த ஸ்வீடன் கப்பலில் அவளுக்கு முதலில் கைகொடுத்தவர் ஸ்பெயின் நாட்டுப் பணியாளர். பட்டியலில் இல்லாத ஒரு பெண் தங்கள் கப்பலில் எப்படி வந்தாள் என்று அவர்களுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. ஸ்டாக்ஹோமின் நங்கூரச் சங்கிலிகள் அறுபட்ட அணியத்திலிருந்து கடலடிக்கு ஓடிவிட்டதால் கப்பலால் உடனே நகரவும் முடியவில்லை. அந்த நிலையிலும் மிதக்கும் தகுதி கெடாமல் நின்று, ஆந்திரியா டோரியாவிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டாள். மறுநாள் காலை 10 மணி கடந்து ஆந்திரியா டோரியா மூழ்கியது.

அணியம் சிதைந்த ஸ்டாக்ஹோம் தன் இயந்திரத்தாலேயே நியூயார்க் திரும்பினாள். புரூக்ளினில் உள்ள பெத்லகேம் ஸ்டீல் தளத்தில் அவளுக்குப் புது அணியம் பொருத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் ஓடத் தொடங்கினாள். ஆக, பத்து வயதிலேயே அவளுடைய முன்பகுதி ஸ்வீடனில் கட்டியது அல்ல.

ஸ்வீடிஷ் அமெரிக்கன் லைன் அவளை விற்றதற்கு விபத்துதான் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 1953இல் குங்ஸ்ஹோமும் 1957இல் கிரிப்ஸ்ஹோமும் வந்துவிட்ட பிறகு, அவற்றோடு ஒரே அணியில் ஓடச் சிறிய, உருளும் கப்பல் தேவைப்படவில்லை. கூடவே ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கிவிட்டன.

1960 ஜனவரியில் அவள் கிழக்கு ஜெர்மனியின் கைக்குப் போனாள். அந்நாட்டின் ஒரே தொழிற்சங்கக் கூட்டமைப்பு, சிறந்த தொழிலாளர்களுக்குக் கடல் விடுமுறை அளிப்பதற்காக அவளை ஏற்றது. ரோஸ்டோக் நகரின் அரசுக் கப்பல் நிறுவனம் இயக்கியது. ‘மக்களினங்களின் நட்பு’ என்று பொருள்படும் ஃபோல்க்கர்ஃபிராய்ன்ட்ஷாஃப்ட் என்ற பெயர் சூட்டப்பட்டது. ஒரே உரிமையாளரிடம் அவள் இருந்த மிக நீண்ட காலம் இதுதான்: இருபத்தைந்து ஆண்டுகள். ஸ்டாக்ஹோம் என்ற பெயரில் ஓடியதைப்போல் இரு மடங்கு. ஆனாலும் அவளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்தக் காலத்தை இரண்டு வரிகளில் தாண்டிவிடுகிறார்கள்.

1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தபின், இந்தக் கப்பலின் இயல்பே மாறிவிட்டது. தன் குடிமக்கள் எல்லை தாண்டக் கூடாது என்று சுவர் எழுப்பிய அரசு, அதே குடிமக்களை மேற்கு நாடுகளின் கரைகளை ஒட்டிக் கப்பலில் கொண்டுபோனது. பயணம் செய்வோர் முன்கூட்டியே அலசி ஆராயப்பட்டனர். அரசின் உளவுத் துறை ஆட்கள் பயணிகளுக்குள் பயணிகளாக இருந்தனர். இருந்தும் பலர் தப்பினர். கரை பார்வைக்கு எட்டும் குறுகிய நீரிணைகளில் கப்பல் செல்லும்போது தளத்திலிருந்து குதித்து நீந்தியவர்கள் உண்டு. இரவில், ஓடும் கப்பலின் பக்கவாட்டில் பல மீட்டர் உயரத்திலிருந்து குளிர்ந்த நீரில் குதிப்பது என்ன என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். சொகுசுக்காகக் கட்டப்பட்ட தளம் அவர்களுக்குத் தப்பும் வாசலாக இருந்தது.

1962 அக்டோபரில் அவள் கியூபா நோக்கிச் சென்றுகொண்டிருந்தாள். சோவியத் ஏவுகணைகளை முன்னிட்டு அமெரிக்கா கியூபாவைக் கடல்வழித் தடுப்பால் சூழ்ந்திருந்த நாட்கள் அவை. கிழக்கு ஜெர்மனியின் பயணிகள் கப்பலை நிறுத்துவதா விடுவதா என்பது கென்னடியின் முன் முடிவுக்கு வந்தது. தடுத்தால் பயணிகளின் உயிருக்கு ஆபத்து என்பதைக் கருதி விட்டுவிட முடிவு செய்யப்பட்டது. அமெரிக்கப் போர்க்கப்பல் பின்தொடர அவள் கியூபாவை அடைந்தாள். ஆறே ஆண்டுகளுக்கு முன் ஸ்வீடன் கொடியோடு புரூக்ளினில் செப்பனிடப்பட்டு நின்ற அதே கப்பல்.

1966 முதல் குளிர்கால மாதங்களில் ஸ்வீடனின் ஸ்டெனா லைன் அவளை வாடகைக்கு எடுத்தது. கிழக்கு ஜெர்மனிக்கு அந்நியச் செலாவணி வேண்டும். ஸ்டெனாவுக்கு மலிவான கப்பல் வேண்டும். தொழிலாளர்களின் கப்பல் என்று சொல்லி வாங்கப்பட்டவள், ஆண்டின் ஒரு பகுதியில் மேற்கத்தியப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடினாள்.

1985ஆம் ஆண்டில் கிழக்கு ஜெர்மனி, 1981இல் கட்டப்பட்ட அஸ்டோர் என்ற புதிய கப்பலை வாங்கி ஆர்கோனா என்று பெயரிட்டுவிட்டு, பழையவளைப் பனாமாவில் பதிவான ஒரு நிறுவனத்துக்கு விற்றது. புதிய உரிமையாளர் பெயரின் பின்பாதியை நீக்கி ஃபோல்க்கர் என்று மட்டும் விட்டார். பெயரைப் புதிதாக எழுதும் செலவைக்கூட மிச்சப்படுத்திய உரிமையாளர் கப்பலை ஓட்ட வாங்கவில்லை என்பது தெளிவு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சும்மா நின்றாள். பின்னர் ஃப்ரிட்யோஃப் நான்சன் என்ற பெயரோடு ஆஸ்லோவில், நார்வேயில் அடைக்கலம் கேட்டு வந்தோருக்கான தங்குமிடமாகக் கட்டிவைக்கப்பட்டாள். நான்சன் துருவ ஆய்வாளர் மட்டுமல்லர். நாடுகளின் கூட்டமைப்பு (League of Nations) என்ற பன்னாட்டு அமைப்பின் அகதிகள் ஆணையராக இருந்து 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். அவளுக்கு வைத்த பெயர்களில் பணிக்கும் பெயருக்கும் பொருத்தம் இருந்தது இந்த ஒன்றில்தான் என்று நினைக்கிறேன்.

இப்படித் தங்குமிடமாக்கப்பட்ட பழைய கப்பல்களுக்கு அடுத்த நிறுத்தம் வழக்கமாக உடைப்புத் தளம்தான். இவளை 1989இல் ஸ்டார்லௌரோ என்ற இத்தாலிய நிறுவனம் வாங்கி ஜெனோவாவுக்கு இழுத்துச் சென்றது. ஆந்திரியா டோரியா கட்டப்பட்ட ஊர் அது. அதன் தாய்த் துறைமுகமும் அதுவே. கலமாய் வாழ்ந்து 1972இல் இறந்ததும் அங்கேதான். வந்து சேர்ந்தவளை உள்ளூர்ப் பத்திரிகைகள் ‘சாவுக் கப்பல்’ என்று எழுதின. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்தும் அந்த ஊர் அவளை மறக்கவில்லை.

அந்த ஊரிலேயே அவள் மறுபிறவி எடுத்தாள். மேற்கட்டுமானம் முழுவதும் அகற்றப்பட்டு, உடற்கூடு மட்டும் மிச்சமாக்கப்பட்டது. பழைய டீசல் இயந்திரங்கள் போய்ப் புதிய வார்ட்சிலா இயந்திரங்கள் வந்தன. அறைகள், கூடங்கள், மின்கம்பிகள், குழாய்கள், தீத்தடுப்பு ஏற்பாடுகள் அனைத்தும் புதியவை. பின்பகுதியில், மிதவைத் திறனைக் கூட்டுவதற்காக, வாத்தின் வாலைப்போல் நீட்டிய ஒரு பெரிய எஃகுப் புடைப்பு சேர்க்கப்பட்டது. துறைமுகத்தில் அவளைப் பின்புறமிருந்து பார்த்தவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். அணியத்தின் பக்கம் வந்து பார்த்தால் மட்டுமே, கூர்ந்து சரிந்த பழைய அட்லாண்டிக் கப்பலின் கோடு தெரியும். 1994இல் இத்தாலியா பிரிமா என்ற பெயரில் வெளிவந்தபோது பதிவு அளவு 16,144 டன்னாக உயர்ந்திருந்தது.

இந்த வேலை ஏன் தலையெழுத்தை மாற்றியது என்றால், அது நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் கப்பல் தீத்தடுப்பு விதிகள் கடுமையாயின. 1990 ஏப்ரலில் ஸ்காண்டினேவியன் ஸ்டார் கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தனர். அதன் தொடர்ச்சியாக 1992இல், புதிய கப்பல்களுக்கு மட்டுமன்றி ஓடிக்கொண்டிருக்கும் பழைய கப்பல்களுக்கும் பொருந்தும்படி, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் திருத்தங்கள் வந்தன. படிப்படியாக இறுகிய விதிகளின் இறுதிக் கெடு 2010 அக்டோபர் 1. கட்டுமானத்தில் எரியக்கூடிய பொருட்கள் உள்ள கப்பல் அதன் பிறகு பன்னாட்டுப் பயணம் செய்ய முடியாது. 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட அழகிய கப்பல்களின் உட்புறம் மரப்பலகைகளால் ஆனது. அந்த மரம்தான் அவற்றின் பெருமை, அதுவே அவற்றின் முடிவும் ஆயிற்று. பல உரிமையாளர்கள் மாற்றிக் கட்டும் செலவைப் பார்த்துக் கப்பலையே உடைப்புக்கு அனுப்பினர். இவளுக்கோ மரமே மிச்சமில்லை. 1948இன் அழகை முழுவதும் இழந்ததால் 2010இன் கெடுவைக் கடந்தாள். பழைய கப்பல்களை நேசிக்கும் எனக்கு இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் உண்மை அதுதான்.

இதன் பின் பெயர்கள் விரைந்து மாறின. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கப்பலுக்குச் சொந்தக்காரர் ஒருவர், அதை இயக்குபவர் வேறொருவர், வாடகைக்கு எடுத்துப் பயணச்சீட்டு விற்பவர் மூன்றாமவர் என்று இருப்பது இத்தொழிலில் சாதாரணம். பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயர் பெரும்பாலும் மூன்றாமவரின் விருப்பம். 1998இல் வால்தூர் என்ற இத்தாலியச் சுற்றுலா நிறுவனம் வாடகைக்கு எடுத்தபோது வால்தூர் பிரிமா ஆனாள். கியூபாவைச் சுற்றியே ஓடினாள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் சுற்றுலாத் தொழில் சரிந்ததில் ஹவானாவில் முடங்கினாள். 2002இல் ஃபெஸ்டிவல் குரூஸஸ் நிறுவனத்தின் கீழ் கரீபே ஆனாள்; அந்நிறுவனமும் 2004இல் நொடித்துப் போனது.

2005இல் அதீனா என்ற பெயரோடு போர்ச்சுகலைத் தளமாகக் கொண்ட கிளாசிக் இன்டர்நேஷனல் குரூஸஸ் அவளை எடுத்தது. ஜார்ஜ் பொட்டமியானோஸ் என்ற கிரேக்கர் நடத்திய இந்த நிறுவனம், ஃபுஞ்சால் போன்ற பழைய கப்பல்களையே தேடி வாங்கி ஓட்டியது. பெரிய நிறுவனங்கள் நுழைய முடியாத சிறு துறைமுகங்களுக்குச் சில நூறு பயணிகளோடு போவது அவர்கள் தொழில். 160 மீட்டர் நீளமுள்ள கப்பல் அதற்குத் தோதானது. 2008 டிசம்பர் 3 அன்று ஏடன் வளைகுடாவில் அதீனாவை 29 சிறு படகுகள் சூழ்ந்தன. உள்ளே ஏறக்குறைய நானூறு பயணிகள், பெரும்பாலோர் ஆஸ்திரேலியர். அமெரிக்கக் கடற்படையின் கண்காணிப்பு விமானம் தலைக்கு மேல் வந்த பிறகு படகுகள் விலகின. யாரும் கப்பலில் ஏறவில்லை.

பொட்டமியானோஸ் 2012இல் இறந்தார். அதே ஆண்டில் நிறுவனமும் கடனில் மூழ்க, அதீனா மார்செய் துறைமுகத்தில் கடன்காரர்களுக்காகத் தடுத்து வைக்கப்பட்டாள். 2013இல் போர்ட்டஸ்கேல் என்ற போர்ச்சுகீசிய நிறுவனம் வாங்கி அஸோர்ஸ் என்று பெயரிட்டது. 2015 முதல் குரூஸ் அண்ட் மாரிடைம் வாயேஜஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வாடகைக்கு எடுத்து, 2016இல் அஸ்டோரியா என மாற்றியது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பயணங்கள் நின்றன. ஜூலையில் அந்த நிறுவனமே வீழ்ந்தது. நீரில் இறங்கியதிலிருந்து அதற்குள் எழுபத்து நான்காவது ஆண்டு நிறைவை அவள் நெருங்கிக்கொண்டிருந்தாள்.

அந்நிறுவனம் ஓட்டிய மார்க்கோ போலோவும் மகெல்லனும் 2021 ஜனவரியில் குஜராத்தின் ஆலங் கடற்கரையில் ஏற்றப்பட்டு உடைக்கப்பட்டன. போர்ச்சுகல் கொடியோடு ராட்டர்டாமில் நின்ற அஸ்டோரியாவுக்கு அந்த வழி எளிதல்ல. ஐரோப்பிய ஒன்றியக் கொடியுள்ள கப்பல்களை, ஒன்றியம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் உள்ள தளங்களில் மட்டுமே உடைக்கலாம். ஆலங்கின் தளங்கள் அப்பட்டியலில் இல்லை. வாங்குவோர் வரக்கூடும் என்ற செய்திகள் அவ்வப்போது கிளம்பி அடங்கின. நான்கு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே நின்ற பிறகு, 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பெல்ஜியத்தின் கெண்ட் நகருக்கு இழுத்துச் செல்லப்பட்டாள்.

அருங்காட்சியகமாக்கியிருக்கலாமே என்று கேட்போர் உண்டு. அவள் நின்ற அதே ராட்டர்டாமில், 1959ஆம் ஆண்டின் ராட்டர்டாம் என்ற பயணிகள் கப்பல் 2010 முதல் விடுதியாகவும் காட்சிக்கூடமாகவும் வாழ்கிறது. அதற்குள் நுழைபவர் 1959இன் கூடங்களையும் படிக்கட்டுகளையும் காண்கிறார். அஸ்டோரியாவுக்குள் நுழைந்தால் 1994இன் இத்தாலிய அறைகள்தாம் இருந்தன; அணியம் புரூக்ளினுடையது, இயந்திரங்கள் புதியவை. கோத்தன்பர்க்கில் 1946இல் நீரில் இறங்கியதில் எஞ்சியிருந்தது நீர்மட்டத்துக்கு அருகிலும் அதற்குக் கீழேயும் இருந்த எஃகு உடற்கூடுதான். வருகிறவர்களுக்கு அழைத்துப்போய்க் காட்டக்கூடிய இடத்தில் அது இல்லை.